ஒப்படைப்பவர், பெறுபவர்

1

இந்த வாரத்தோடு நாங்கள் மலேசியாவை, கிள்ளானை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம் இதே நாளில் என் அக்கா போன் செய்து, "ஊரெல்லாம் பழகிருச்சா?" என்று கேட்டாள். பழகிவிட்டது என்றேன். இந்த வருடம் அவள் அதைக் கேட்கவில்லை. இரண்டு மாதம் முன்பே, "யாழினியை எப்போ அனுப்புறே?" என்று கேட்டாள். என் மகளைப் பற்றிய அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஏன் அவ்வளவு நாள் ஆயிற்று என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

கிள்ளானில் இருக்கும் உங்களிடம் நான் சென்னையில் இருப்பதாகத்தான் சொல்லியிருப்பார்கள். சென்னை இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நாங்கள் இருப்பது மண்ணூர்ப் பக்கம், மாடியில் இரண்டு அறை. கீழே தென்மாவட்டத்துப் பையன்கள் எட்டுப் பேர் ஷிப்ட் முறையில் தூங்குகிறார்கள். மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் கம்பெனிக் கூரைகள், இன்னொரு பக்கம் இன்னும் விற்காத வயல். என் கணவர் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில். நான் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, சர்க்யூட் போர்டு சோதிக்கும் ஒரு கம்பெனியில். அவருக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். எனக்கு எப்போதும் ஜெனரல் ஷிப்ட், எட்டரையிலிருந்து ஐந்தரை. வீட்டில் இரண்டு பேரும் பகல் முழுக்கச் சேர்ந்து விழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதுவும் ஓ.டி. இல்லாத ஞாயிறாக இருக்க வேண்டும்.

இவர் கிள்ளானுக்கு வேலைக்கு வந்தபோது கல்யாணம் ஆனது. தன் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று திரும்பி வந்தார். அவருடைய ஊர் விருதுநகர்ப் பக்கம், வேலை கிடைத்தது இங்கே. ஆக, இது அவருக்கும் சொந்த ஊர் இல்லை. இரண்டு பேரில் ஒருவருக்காவது சொந்த ஊராக இருந்தால் நன்றாக இருக்கும் என்று சில நேரம் நினைப்பேன்.

2

வந்த புதிதில் யாழினியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆதாருக்கு அலைந்தோம். நம் வழக்கப்படி பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் "ஏ/பி" என்று இருக்கும், இன்னாருடைய மகள் என்பதற்கு. கவுன்ட்டரில் இருந்தவர் அதைப் பேனாவால் தட்டினார்.

"இன்னாமா இது ஏபி? ஆந்திராவா?"

"இல்லைங்க, மலேசியா. அது மகள்னு அர்த்தம்."

"மகள்னு தெரியுது. பொண்ணுன்னு தனியா ஒரு கட்டம் கீது பாரு. பேர்ல எதுக்கு?"

மூன்று முறை போனோம். மூன்றாவது முறை அவரே, "வுடு, நீ எங்கியோ இருந்து வந்துகீற" என்று ஏதோ செய்து கொடுத்தார். இப்போது அட்டையில் ஏ/பி இல்லை. அவள் பெயரும் இவர் பெயரும் இடைவெளி விட்டு நிற்கின்றன. அன்று வீட்டுக்கு வந்து அந்த அட்டையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன விஷயம்தான். எனக்குத்தான் எதையும் சின்னதாக விட்டுவிட வராது.

பேச்சும் அப்படித்தான். காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா" என்று வாயில் வந்துவிடும். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் தேவகி அக்கா, நான் முதல் நாள் அப்படிக் கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "ஏம்மா, பசிக்குதா? உக்காரு" என்று தட்டு வைத்துவிட்டார். இன்னொரு நாள், இவர் மோட்டாரில் போய்விட்டார் என்றேன். "மோட்டார்ல எப்டிமா போவாரு? கெணத்துக்குள்ளயா?" என்று கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதிலிருந்து பைக் என்றே சொல்கிறேன்.

யாழினி இதில் எதற்கும் தடுமாறவில்லை. பாலர் பள்ளி என்ற சொல்லையே மறந்துவிட்டாள். யூகேஜி முடித்து ஒன்றாம் வகுப்புக்கு வந்தாயிற்று. "இன்னாம்மா", "வூட்டுக்கு வா" என்று அவள் ஓடும்போது, எனக்குத் தெரியாத ஒரு குடும்பத்தின் பிள்ளை போல இருக்கிறாள். திருத்தினால், "நீதான் டிவியில வர்ற மாதிரி பேசற" என்கிறாள்.

3

இப்போது அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்கும் கடை ஒன்று உண்டு. யாழினிக்குப் படக்கதை தேடியபோது கிடைத்தது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்கள் இல்லை. பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. விண்வெளிக் கதை. ஆனால் சிரிப்புக் கதை. கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும், அதற்காக எடுத்துக்கொண்டேன்.

ஒரு சரக்குக் கப்பல். எப்போதும் வெயிலடிக்கும் ஒரு கிரகத்துக்கு, யாரோ ஒரு குமாஸ்தா செய்த தவறால், கம்பளிப் போர்வைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. ஓட்டுநர்கள் ஒரு கணவனும் மனைவியும். காற்றும் சாப்பாடும் அளவாக இருப்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் விழித்திருக்கலாம். மூன்று மாதம் அவள், மூன்று மாதம் அவன். மற்றவர் பெட்டிக்குள் உறங்க வேண்டும். அவர்களுக்கு ஒரு குழந்தை. குழந்தைக்குப் பெட்டி ஒதுக்க விதியில்லை, அதனால் குழந்தை எப்போதும் விழித்திருக்கிறது. முறை மாறும்போது இருவரும் ஐந்தே நிமிடம் சேர்ந்து விழித்திருப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் கப்பலின் இயந்திரம் ஒரு படிவத்தை நீட்டும். ஒப்படைப்பவர், பெறுபவர், இரண்டு கையெழுத்து. குழந்தைக்கென்று தனிப் படிவம் கிடையாது. போர்வைக்கு உள்ள அதே படிவம்தான். "சேதாரம் உண்டா?" என்று இயந்திரம் கேட்கும். அப்பா, "முன்பல் ஒன்று குறைவு" என்று எழுதுவான். அடுத்த முறை குழந்தை இரண்டு கிலோ கூடியிருக்கும். அனுப்பிய எடையும் பெற்ற எடையும் ஒத்துப்போகவில்லை என்று இயந்திரம் பெற மறுக்கும். அம்மா அதனோடு ஐந்து நிமிடமும் சண்டை போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவாள், கணவனோடு ஒரு வார்த்தை பேசாமல்.

எங்களை யாரோ பார்த்து எழுதிவிட்டது போல இருந்தது. ஏனென்றால் எங்களுக்கும் ஒரு ஐந்து நிமிடம் இருந்தது.

இவருக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் அவருடைய கம்பெனி பஸ் காலை ஏழு பத்துக்கு வரும். பெட்ரோல் பங்க் சுவர் அருகே நின்று ஆட்களை இறக்கும். ஏழே காலுக்கு என் பஸ் வரும், அதே பக்கத்தில் நாற்பது அடி முன்னால். அந்த இடைவெளியில் யாழினியை அவரிடம் விட்டுவிட்டு நான் ஏறுவேன். அவர் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்து, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தூங்குவார். அவருக்குக் காலை ஷிப்ட் உள்ள வாரங்களில் நான் சாலையைக் கடந்து யாழினியைத் தேவகி அக்கா கடையில் விடுவேன், பள்ளி வேன் அங்கே வந்து ஏற்றிக்கொள்ளும். அப்பா வாரம், தேவகி அக்கா வாரம் என்று யாழினியே பெயர் வைத்திருந்தாள். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் பிள்ளை வளர்ப்பது இப்படித்தான். ஒருவர் ஏறும் படியில் ஒருவர் இறங்குவார்.

4

அது ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா வாரம். அவருடைய பஸ் நான்கைந்து நிமிடம் தாமதமாக வந்தது. அதன் பின்னாலேயே என் பஸ்ஸும் வந்து, தாண்டிப் போய் முன்னால் நின்று ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். சாம்பல் நிறச் சட்டை, தொப்பி, தோளில் பை. இறங்கிய ஆள் கையை உயர்த்தினார். "அப்பா வந்தாச்சு, ஓடு" என்று யாழினியின் முதுகில் லேசாகத் தட்டினேன். அவள் அந்தப் பக்கம் ஓடுவதைப் பார்த்துவிட்டு ஏறினேன்.

அந்தப் பஸ்ஸில் இறங்குகிற எல்லோருக்கும் சாம்பல் நிறச் சட்டைதான். கையை உயர்த்தியவர் டிரைவருக்கு டாட்டா காட்டியிருக்கிறார். இவரை அன்று ஆள் குறைவு என்று காலை பத்து மணி வரை நிறுத்திவைத்துவிட்டார்கள். போன் கேட்டிலேயே லாக்கரில் இருக்கும், சொல்ல வழியில்லை. என் கம்பெனியிலும் அதே விதிதான்.

பஸ்ஸில் நான் புத்தகத்தைப் பிரித்தேன். அன்று வந்தது இந்த இடம். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் பெட்டிக்குள் போய்ப் படுத்துவிடுகிறாள். அப்பா தூக்கக் கலக்கத்திலேயே பழக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி சாய்ந்துவிடுகிறான். பதினொரு நாள் இரண்டு பேரும் தூங்குகிறார்கள். குழந்தை, "யாராவது இருக்கீங்களா?" என்று இயந்திரத்திடம் கேட்கிறது. இயந்திரம் கோப்பைப் பார்த்துவிட்டு, இரண்டு கையெழுத்தும் இருக்கின்றன, ஆகவே நீ பத்திரமாக இருக்கிறாய் என்கிறது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த கனி, தென்காசிப் பெண், என் தோளைத் தட்டினாள்.

"என்னக்கா, ஒத்தையில சிரிக்கீங்க? எங்களுக்கும் சொல்லுங்க, நாங்களும் சிரிப்போம்லா."

நான் அவளுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்று யாரோ பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலை எனக்கு அவ்வளவு சின்னச் சின்னதாக ஞாபகம் இருக்கிறது. இந்த ஊருக்கு வந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றுதான் என்றும் ஞாபகம் இருக்கிறது.

பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் லைனுக்கு வந்தார். என் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் ஆபீஸ் நம்பருக்கு போன் பண்ணாரு. பதறாதீங்க. பொண்ணு நல்லா இருக்கு."

நல்லா இருக்கு என்று ஏன் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. லாக்கரைத் திறந்தபோது போனில் பள்ளிக்கூடத்தின் செய்தி ஒன்பதே முக்காலுக்கே வந்திருந்தது. உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை என்று.

பத்து நாற்பதுக்கு இவர் இறங்கியபோது யாழினி ஸ்டாப்பில் சிமெண்டுத் திண்டின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டு டப்பா காலி. பாவாடை நனைந்து காய்ந்திருந்தது. மூன்றரை மணி நேரம். அந்தச் சாலையில் லாரிகள் எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல விரும்பவில்லை. கை பிடிக்காமல் சாலையைக் கடக்கக் கூடாது என்று நான் சொல்லிவைத்திருந்தேன், அவள் கடக்கவில்லை. ஸ்டாப்புக்கு வந்து போனவர்கள் எல்லோரும் அவள் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய பிள்ளை என்று நினைத்திருக்கிறார்கள்.

தேவகி அக்கா அன்று மாலை வீட்டுக்கே வந்துவிட்டார். வந்ததும் அழுதார், பிறகு திட்டினார்.

"அப்பா வாரந்தானேன்னு நான் அந்தப் பக்கமே திரும்பல. லாரி ஒண்ணு வேற மறைச்சிகினு நின்னுது. ஏம்மா, எதுக்கால கடைதானே, கத்தினா கேக்கும். அக்கா பாத்துக்கோன்னு ஒரு சத்தம் குட்த்துட்டு ஏறக்கூடாதா? புள்ளைய இன்னா பார்சல் மாதிரி கை மாத்தறீங்க ரெண்டு பேரும்?"

நான் யாழினியிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டேன்.

"அது அப்பா இல்ல. நான் உன்ன கூப்ட்டேன். பஸ்ஸு போய்ட்ச்சி" என்றாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை. பஸ் என்றால் போகத்தான் செய்யும் என்பது போலச் சொன்னாள்.

5

அக்காவிடம் மறைக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. அவள் திட்டவே இல்லை. "இங்கே அனுப்பிடு. பக்கத்துலதான் தமிழ்ப்பள்ளி. முதலாம் ஆண்டுக்குப் பதியணும்னா இப்பவே சொல்லணும். என் பிள்ளைங்கதான் பெரிசாயிட்டாங்களே, நான் வீட்டுலதானே இருக்கேன்" என்றாள். எல்லாம் நிஜம். அக்கா நல்லவள். யாழினிக்கு அங்கே குடியுரிமையும் இருக்கிறது.

முதல் ஞாயிற்றுக்கிழமை இவரிடம் சொன்னேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ரெண்டு வருசந்தானே. நானும் அதுக்குள்ள நிரந்தர டே ஷிப்ட் கேட்டு வாங்கிருவேன்" என்றார்.

"நீங்க அனுப்பலாம்னு சொல்றீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? நீ என்ன நெனைக்கன்னு கேக்கேன்."

"நான் நீங்க சொல்லணும்னு பார்த்தேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "இந்தா பாரு, அன்னைக்கும் இப்படித்தான். நீ இருக்கேன்னு நானும், நான் இருக்கேன்னு நீயும்."

 அடுத்த ஞாயிறு அவருக்கு ஓ.டி.

அந்த நாட்களில் நான் புத்தகத்தின் மீதியைப் படித்து முடித்தேன். படிக்கக் கூடாது என்று இரண்டு முறை பரண்மேல் போட்டு, இரண்டு முறை எடுத்தேன். கப்பல் போய்ச் சேர்கிறது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் முழுதாக விழித்திருக்கிறார்கள். இயந்திரம் கடைசிப் படிவத்தை நீட்டுகிறது. யார் ஒப்படைப்பவர், யார் பெறுபவர்? இருவருமே நாங்கள்தான் என்கிறார்கள். அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லை என்று இயந்திரம் புகைவிட்டு நின்றுவிடுகிறது. எழுதியவர் அதையும் சிரிப்பாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. அந்த அம்மாவும் ஒரு நாள்கூடக் கடமையில் தவறவில்லை. எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நானும் அப்படித்தான். டப்பாவில் சோறு, பையில் தண்ணீர், தலையில் ரிப்பன், ஏழு பத்துக்கு ஸ்டாப்பில். என் பக்கத்தில் ஒரு குறையும் இல்லாமல் பிள்ளையை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அக்காவிடம் விட்டாலும் அதைத்தான் செய்வேனா? அல்லது அனுப்பாமல் வைத்துக்கொள்வதுதான் என் பிடிவாதமா? பாத்திரம் கழுவும்போது ஒரு பதில், துணி காயப்போடும்போது வேறு பதில். கேட்க ஆளில்லை. கிள்ளானில் என்றால் எதிர் வீட்டில் போய் உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது ஞாயிறு அக்கா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டு யாழினியிடம் கொடுத்தேன். அவளே ஏதாவது சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம் என்ற கோழைத்தனம்தான்.

"யாழினிக்குட்டி, பெரியம்மா வீட்டுக்கு வர்றியா?"

"பெரிம்மா, உன் வூட்ல யாரு பஸ்ல வேலைக்குப் போவாங்க?"

"யாரும் போக மாட்டோம்மா. பெரியப்பாவுக்கும் ஓய்வு. நாங்க எப்பவும் வீட்டுலயே இருப்போம், உன்கூடவே."

யாழினி போனை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள்.

"அப்ப யாரு இறங்கி வருவாங்க?"

அக்காவுக்குக் கேள்வி புரியவில்லை. "என்னம்மா?" என்று இரண்டு முறை கேட்டாள். இறங்கி வரும் ஆளுக்காகத்தான் அவள் அன்று மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் போனை வாங்கினேன். "அனுப்பலக்கா" என்றேன். இவர் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.  "உன் பிள்ளை" என்றாள் அக்கா. கோபமா, சம்மதமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவள் போன் செய்வது குறைந்திருக்கிறது.

6

இப்போது இவருடைய முகத்தைப் பார்க்காமல் நான் பஸ் ஏறுவதில்லை. அவருடைய பஸ் தாமதமானால் என் பஸ்ஸை விட்டுவிடுகிறேன். இரண்டு முறை விட்டாயிற்று. முதல் முறை அவளை அவரிடம் விட்டதுமே ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். இரண்டாவதற்கு மெமோ கொடுத்தார்கள். பதில் எழுதிக் கொடுத்தேன், காரணம் என்ற இடத்தில் குழந்தை என்று மட்டும். இன்னொரு முறை என்றால் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பது கஷ்டம் என்றார் சூப்பர்வைசர். இவர் டே ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். எது முதலில் நடக்கும் என்று தெரியவில்லை.

இரண்டாவது முறை பஸ்ஸை விட்டது போன வியாழக்கிழமை. என் பஸ் போய்ப் பத்து நிமிடம் கழித்து அவருடையது வந்தது. இறங்கினார். தொப்பியைக் கழற்றிக்கொண்டே நடந்து வந்தார். ஸ்டாப்பில் நானும் நிற்பதைப் பார்த்தார். வார நாளில், காலை வெளிச்சத்தில், மூன்று பேரும் அவசரமில்லாமல் ஒரே இடத்தில் நின்றது அன்றுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். "வா, மூணு பேருமா நடந்து போவோம்" என்றார்.

யாழினி அவருடைய கையைப் பிடித்தாள். பிடித்ததும் என் கையை விட்டுவிட்டாள். பழக்கம். நான் இரண்டு எட்டு பின்னால் நடந்தேன். பிறகு வேகமாகப் போய் அந்தக் காலிக் கையை நானாகப் பிடித்தேன்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"நீ இன்னும் போவலயா?"